ஸ்டெல்லாவின் முறை

14.7.2004, புதன்

ஒரகடத்தில் ஷிஃப்ட் முடிந்து படப்பை அறைக்கு வந்தால் சுவரெல்லாம் ஊதா. கிறிஸ்துமஸுக்காக நாவல்பழத்தில் போட்டுவைத்த ஒயின் ஜாடி மூடியைத் தள்ளிக்கொண்டு பொங்கியிருக்கிறது. தினமும் மூடியைத் தளர்த்திக் காற்றை வெளியே விட வேண்டும். நான், மேரி, ஸ்டெல்லா, வாரத்துக்கு ஒருத்தி என்று முறை. இந்த வாரம் ஸ்டெல்லா. அவள் ஞாயிறன்றே தன் கல்யாணத்துக்காக நாகர்கோவில் பஸ் ஏறிவிட்டாள். இனி வரமாட்டாள். ஜாடியின் நினைப்பு எங்கள் இருவருக்கும் வரவே இல்லை.

வீட்டுக்கார அம்மா வந்து நின்றார்.

“இன்னாம்மா, வூட்டுக்குள்ள சாராயம் காச்சிகினு கீறீங்களா?”

காலி பண்ணச் சொல்லிவிடுவாரோ என்று பயந்து சுவரைத் துடைக்க ஆரம்பித்தேன். விரலால் தொட்டு நக்கிப் பார்த்தார்.

“நம்ம ஏரிக்கரை பழமா? சுவத்துக்கு நீங்கதான் வெள்ளையடிக்கணும். பண்டிகைக்கு எனக்கும் ஒரு டம்ளர் குடுங்க.”

பாதி மிஞ்சியிருக்கிறது. “ஈஸ்ட் எதுக்குட்டி, பழத்தோலே போதும்” என்பாள் ஸ்டெல்லா. மூடியில் காதை வைத்து, “மூச்சு விடுது” என்று சிரிப்பாள். இன்று நான் காதை வைத்தேன். விடுகிறது.

முறையை மாற்றி எழுதக் காலண்டரை எடுத்தேன். டிசம்பர் வரை எந்த வாரம் யார் முறை என்று அவள் கையெழுத்தில்தான் இருக்கிறது. கிறிஸ்துமஸ் வாரத்தில் தன் பெயரையே எழுதியிருக்கிறாள். பழம் ஊறப்போட்ட அன்றே அவளுக்குக் கல்யாணத் தேதி தெரியும்.