சாவியை எடுத்த பிறகும்

2006, ஆவணி, வெள்ளிக்கிழமை இரவு



சாயங்காலம் எங்கள் தீப்பெட்டி ஆபீஸ் முற்றத்தில் காரை நிறுத்தி, என் வீட்டுக்காரர் சாவியை எடுத்துவிட்டார். இன்ஜின் நிற்கவில்லை. சத்தம் தானாகவே ஏறியது. சாவி இவர் கையில் இருக்கிறது, கார் அலறுகிறது. முற்றம் முழுக்க வெள்ளைப் புகை. பக்கத்துக் கொட்டகையில்தான் மருந்தில் முக்கியெடுத்த தீக்குச்சிகள் காய்ந்துகொண்டிருந்தன. பெண்கள் எல்லாரும் வெளியே ஓடினார்கள். இவர் அப்படியே நின்றார்.

தீப்பிடித்தால் போடுவதற்கென்று நாங்கள் எப்போதும் சாக்கு நனைத்து வைத்திருப்போம். லோடு ஏற்ற வந்த லாரி டிரைவர் அதில் ஒன்றை எடுத்து, பானட்டைத் திறந்து, இன்ஜின் காற்று இழுக்கும் வாயில் அழுத்திப் பிடித்தார். கார் திணறி நின்றது.

போன மாதம்தான் புகைக்குழாயில் புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரை மெக்கானிக் கழற்றினான். "வண்டி பறக்கும் அண்ணாச்சி" என்றான். இன்று வந்து பார்த்துவிட்டு அவனே சொல்கிறான்: "அதக் கழட்டுனா இன்ஜினுக்குக் காத்தடிக்கிற டர்போ கண்டமானிக்குச் சுத்தும்க்கா. ஆயில் சீல் போயிட்டு. டீசல் நின்னாலும் ஆயிலக் குடிச்சே ஓடிருக்கு."

"கழட்டயில ஏன் சொல்லல?"

"அண்ணாச்சி பிக்கப்பு மட்டுந்தான கேட்டாவ."

பீடி, தீப்பெட்டி எல்லாம் வாசலிலேயே வாங்கி வைத்துவிட்டுத்தான் நாங்கள் ஆளை உள்ளே விடுவோம். காரை யாரும் சோதிப்பதில்லை.

இவர் தூங்கவில்லை. சற்று முன் மெதுவாகக் கேட்டார். "ஏட்டி, நான் சாவிய எடுத்துட்டேன்லா?"

"எடுத்துட்டீய. தூங்குங்க" என்றேன்.

இதை எழுதும்போது மறுபடியும் கேட்கிறார்.