மேட்டு வயலுக்கு உளுந்து

அன்புள்ள அப்பாவுக்கு,

முழங்கால் வலி தேவலையா? புனேயில் நான் சுகம். மழையைக் கணிக்கும் ஆபீசில் இருந்துகொண்டு குடையில்லாமல் போய் நனைந்தேன்; லேசான காய்ச்சல், விட்டுவிட்டது.

நேற்று அம்மா போனில் பேசும்போது, "அவகிட்ட சொல்லு, குத்தாலத்துல அருவி கொட்டுது, பெறகென்ன, ரெண்டு வயல்லயும் நெல்லுதான்" என்று பின்னாலிருந்து உங்கள் குரல் கேட்டது.

அருவியில் கொட்டுவது ஆடிச் சாரல் அப்பா. பிசானப் பருவ நெல்லைக் கரைசேர்ப்பது ஐப்பசி, கார்த்திகை மழை. அது இந்த வருடம் குறையவே வாய்ப்பு அதிகம் என்கிறது எங்கள் கணிப்பு. வாய்ப்புதான், சத்தியம் இல்லை. குளத்தை ஒட்டிய வயலில் நெல் நடுங்கள். மேட்டு வயலுக்கு உளுந்து போதும்.

இட்லிப் பொடி தீர்ந்துவிட்டது, அனுப்பச் சொல்லுங்கள். எனக்கு ஆபீஸ் பஸ் வந்துவிடும், இதோடு முடிக்கிறேன். கணிப்பு பொய்த்து மழை கொட்டினால், அம்மாவிடமிருந்து போனை வாங்கி நீங்களே என்னைத் திட்டுங்கள்.

உங்கள் மகள்,
ஸ்வாதி