குப்பை அஞ்சலைத் தடுக்கப் போட்ட விதி தடுத்த ஒரே கடிதம் குறித்து

அனுப்புநர்:
கா. சுந்தரேஸ்வரி,
க/பெ. காளிராஜ்,
கீழத்தெரு, சோலையம்மாள்பட்டி,
கழுகுமலை வழி, தூத்துக்குடி மாவட்டம்.

பெறுநர்:
மாவட்ட ஆட்சியர் அவர்கள்,
தூத்துக்குடி.

பொருள்: கோவில்பட்டி 'கரிசல்நெட்' இணையச் சேவை நிறுவனம் எங்கள் மின்னஞ்சலில் அமைத்த தடுப்பு விதி, ஆபாசக் கடிதங்களை உள்ளே விட்டு, தத்தெடுப்புக் கடிதத்தைக் குப்பையில் தள்ளியது – நடவடிக்கை கோருதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். இதை எழுதக் கை கூசுகிறது. பெரிய இடத்துக்குப் போகிற மனுவில் இந்த அசிங்கத்தையெல்லாம் எழுதலாமா என்று என் கணவர் கேட்டார். எழுதாமல் விழுங்கினால் எனக்குத்தான் குமட்டும் என்பதால் எழுதுகிறேன்.

1. என் கணவர் மானாவாரியில் உளுந்தும் மக்காச்சோளமும் போடுகிறார். நான் புதியம்புத்தூரிலிருந்து துணி எடுத்து வந்து வீட்டில் குழந்தைகள் கவுன் தைக்கிறேன். மணமாகிப் பதினாறு வருஷமாகிறது, பிள்ளை இல்லை. முறைப்படி தத்தெடுக்கப் பதிவு செய்து, அதிகாரிகள் வீட்டைப் பார்த்துச் சரி சொல்லி, எங்கள் முறைக்காகக் காத்திருந்தோம். முறை வந்ததும் குழந்தையின் விவரம் மின்னஞ்சலில் வரும், இரண்டு நாளுக்குள் சம்மதம் சொல்லாவிட்டால் அடுத்தவர்களுக்குப் போய்விடும் என்று முதலிலேயே சொல்லியிருந்தார்கள். எங்கள் ஊரிலும் காட்டிலும் செல்போன் சிக்னல் நிற்காது. மின்னஞ்சலைத்தான் நம்பியிருந்தோம்.

2. மின்னஞ்சல் முகவரியை இணைய இணைப்போடு சேர்த்துக் கொடுத்தது மேற்படி நிறுவனம். தத்தெடுப்பு அலுவலகம் தவிர வேறு யாருக்கும் அதை நாங்கள் கொடுக்கவில்லை. ஆனாலும் கொஞ்ச நாளில் சாக்கடை உடைத்துக்கொண்ட மாதிரி வரத் தொடங்கியது. ரம்மி ஆடக் கூப்பிடுகிறவன், பெயர் சொல்லக் கூசும் மாத்திரை விற்கிறவன், உடுப்பில்லாத படத்தை அனுப்பி "தனிமையில் இருக்கிறீர்களா?" என்று கேட்கிறவள். சீ! பிள்ளை விவரம் வந்திருக்கிறதா என்று காலையில் ஆசையாகத் திறந்தால் இதில்தான் விழிக்க வேண்டும். அதைப் பார்த்த கையால் பிள்ளைத் துணியைத் தொட மனசில்லாமல், சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுத்தான் மிஷினில் உட்காருவேன்.

3. என் கணவரைப் பற்றியும் சொல்ல வேண்டியிருக்கிறது. தெருவில் பாய் விற்க வருகிறவரைக்கூட "இப்ப வேண்டாம் அண்ணாச்சி, போயிட்டு வாங்க" என்று ஒரு வார்த்தை சொல்லாமல் அனுப்ப மாட்டார். எங்கள் பக்கத்து வழக்கம் அது. இந்தக் கடிதங்களிலும் "அன்புள்ள காளிராஜ்" என்று இருந்ததால் ஒவ்வொன்றுக்கும் உட்கார்ந்து பதில் போட்டிருக்கிறார். ரம்மிக்காரனுக்கு, "சீட்டாடும் பழக்கமில்லை, மன்னிக்கவும்." தனிமையா என்று கேட்டவளுக்கு, "எனக்குத் திருமணமாகிவிட்டது. மனைவி நலம்." பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டேன். கேட்டதற்கு, "பேரச் சொல்லிக் கேக்கா, பதில் சொல்லாம விடச் சொல்லுதியா?" என்றார்.

4. பிள்ளைப்பேற்றுக்கு லேகியம் விற்கும் ஒருவனுக்கும் இப்படியே, "லேகியம் வேண்டாம் ஐயா, தத்தெடுக்கப் பதிந்திருக்கிறோம்" என்று எழுதியிருக்கிறார். மறுவாரமே அந்த ஆள் எழுதினான்: குழந்தை தயாராக இருக்கிறது, பணம் கட்டினால் வீட்டுக்கே வரும், ஆணா பெண்ணா, சிவப்பா மாநிறமா என்று மட்டும் சொல்லுங்கள். தூ! எட்டயபுரம் சந்தையில் ஆட்டுக்குட்டி பிடிக்கிறவன்கூட இதைவிட மரியாதையாகப் பேசுவான். அதற்கு மட்டும் என் கணவர் பதில் போடவில்லை. எழுந்து காட்டுப் பக்கம் போய்விட்டார்.

5. நிறுவனத்தில் முறையிட்டோம். இசக்கிதுரை என்ற பணியாளர் வந்தார். முதலில் கெட்ட வார்த்தைகளாகப் பொறுக்கி, அவை உள்ள கடிதங்களைத் தடுக்க விதி போட்டார். அவன்கள் வார்த்தையை மாற்றிக்கொண்டு வந்தான்கள். இரண்டாம் முறை வந்தபோது ஒரேயடியாக ஒரு விதி போட்டார். நாங்கள் ஏற்கெனவே பதில் எழுதியிருப்பவர்கள் தெரிந்தவர்களாம், அவர்கள் கடிதம் முன்னால் வரும். மற்றவர்கள் எல்லோரும் குப்பைக்கு. "எக்கா, இனி ஒரு பய உள்ள வர முடியாது" என்றார். தம்பி, இவர் அந்தப் பயல்கள் எல்லாருக்கும் பதில் போட்டு வைத்திருக்கிறாரே என்று சொன்னேன். காபி புரைக்கேறுகிற அளவுக்குச் சிரித்தார். சிரித்தாரே தவிர, போட்ட விதியைத் திருப்பிப் பார்க்கவில்லை.

6. விளைவைத் தாங்கள் ஊகித்திருப்பீர்கள். அந்தக் கழிசடைகள் அத்தனை பேரும் தெரிந்தவர்கள் ஆனார்கள், முன்வாசல் வழியாக வந்தார்கள். பிள்ளையை விலை பேசியவனும் வந்தான். தத்தெடுப்பு அலுவலகத்தின் கடிதம் தானாக அனுப்பப்படுவது. அந்த முகவரிக்கு நாங்கள் ஒருநாளும் எழுதியதில்லை. அது குப்பைக்குப் போனது.

7. எங்கள் வீட்டை வந்து பார்த்த சமூகப் பணியாளர் சொர்ணத்தாய் அம்மா, நான் பஸ்ஸில் வரும்போது போனில் பிடித்து, "ஏம்மா பதிலே சொல்லல?" என்று கேட்ட பிறகுதான் தெரிந்தது. வீட்டுக்கு ஓடிவந்து குப்பையைத் திறந்தேன். கடிதம் இருந்தது. பத்து மாதப் பெண் குழந்தை. மொட்டைத் தலை. யாரோ ஆட்டிய கிலுகிலுப்பையைப் பார்த்து வாயைத் திறந்துகொண்டிருந்தாள். கெடு தாண்டியிருந்தது. வேறொரு குடும்பம் சம்மதம் சொல்லிவிட்டதாம். நல்ல வீடாகத்தான் இருக்கும், அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. ஆனால் வயிறு எரிகிறது ஐயா.

8. நிறுவனத்துக்குப் போய்க் கேட்டோம். உரிமையாளர் சீனி என்பவர், "ஒங்க வீட்டுக்காரர ஆரு கண்டவனுக்கெல்லாம் பதில் போடச் சொன்னா?" என்று பத்துப் பேர் முன்னால் கேட்டார். என் கணவர் தலையைக் குனிந்துகொண்டார். அன்றிலிருந்து தெருவில் யார் கூவினாலும் அவர் பதில் சொல்வதில்லை. அசிங்கத்தை அனுப்பியவன் நிமிர்ந்து நடக்கிறான், சொன்னதைக் காதில் வாங்காமல் விதி போட்டவன் சந்தா வாங்குகிறான், மரியாதை கொடுத்த மனுஷன் கூனிக் குறுகுகிறார். இதைவிடக் கேவலம் வேறென்ன இருக்கிறது?

9. அந்த விதியை எடுக்கச் சொல்லி மூன்று வாரமாகிறது, ஆள் வரவில்லை. தத்தெடுப்புப் பதிவில் மின்னஞ்சல் முகவரியை மாற்ற விண்ணப்பித்திருக்கிறோம். அது மாறும்வரை தினமும் நான் முதலில் திறப்பது குப்பையைத்தான். பிள்ளையைக் குப்பையில் தேட வைத்துவிட்டார்கள்.

ஆகவே, எங்கள் முகவரி இந்தக் கூட்டத்தின் கைக்கு எப்படிப் போனது என்று நிறுவனத்தை விசாரிக்கவும், அந்த விதியை உடனே நீக்க உத்தரவிடவும், குழந்தையை விலை பேசிய ஆளின் மீது காவல்துறை மூலம் வழக்குப் பதியவும் வேண்டுகிறேன். எங்கள் பெயர் இன்னும் வரிசையில் இருக்கிறது, அடுத்த கடிதம் எந்நேரமும் வரலாம். தாங்கள் தாமதிக்க மாட்டீர்கள் என்று நம்புகிறேன்.

கடைசியாக ஒன்று. குப்பையிலிருந்து எடுத்த அந்தக் கடிதத்துக்கும் என் கணவர் பதில் எழுதினார். "தாமதமாகப் பார்த்தோம், மன்னிக்கவும். பாப்பா நலமா?" இம்முகவரிக்குப் பதில் அனுப்ப இயலாது என்று திரும்பி வந்துவிட்டது.

இடம்: சோலையம்மாள்பட்டி
நாள்: 18.08.2025

இப்படிக்கு,
கா. சுந்தரேஸ்வரி

இணைப்பு:
1. குழந்தையை விலை பேசிய கடிதத்தின் நகல்.
2. நிறுவனத்துக்கு அளித்த புகார்களின் நகல்கள்.
3. தத்தெடுப்புக் கடிதத்தின் முதல் பக்கம் மட்டும். குழந்தையின் படம் உள்ள பக்கத்தை இணைக்கவில்லை. அவள் இப்போது வேறொரு வீட்டுப் பிள்ளை.