ஆள் போதாத சபை

என் அன்பு அண்ணைக்கு,

சண்டை முடிந்துவிட்டது என்ற செய்தி வந்தபோது நான் இங்கே டென்மார்க்கில், பிராண்டே ஊர்க் காற்றாலைத் தொழிற்சாலையில் வேலையில் நின்றேன். கூட வேலை செய்யும் டெனிஷ்காரர் ஒருவர் வந்து கையைப் பிடித்து, இனி நிம்மதிதானே என்றார். ஓம் என்றேன். வேறு என்ன சொல்ல?

நீங்கள் இல்லை என்பது அதற்குப் பிறகுதான் தெரிந்தது. வன்னியில் உங்கள் சபையில் பாடுகிற ரூத் அக்கா, வவுனியா முகாமிலிருந்து யாருடையதோ கைபேசியில் எடுத்துச் சொன்னா. "பாஸ்டர் ஒரு பச்சைப் பிள்ளையை அடக்கம் செய்து ஜெபம் பண்ணிக்கொண்டு நிண்டவர், தம்பி. ஜெபம் முடியேல்லை, செல் குண்டு விழுந்திட்டுது. எல்லாரும் ஓடினம். நானும் ஓடினனான்."

அண்ணை, உங்களை இங்கே கூப்பிட நாங்கள் பட்ட பாடு உங்களுக்கு முழுதாகத் தெரியாது. அப்போது நாங்கள் ஒன்பது குடும்பம். ஊர் மண்டபத்தின் பின்னறையில் ஞாயிறு தோறும் கூடுவோம். போதகர் இல்லை. உங்களைப் போதகராக வரவிடச் சொல்லிக் குடிவரவு அலுவலகத்தில் விண்ணப்பித்தோம். அலுவலகத்துப் பெண் தன்மையாகத்தான் கதைத்தா. "இந்த நாட்டில் நீங்கள் விரும்பியபடி ஜெபிக்கலாம், ஒரு தடையும் இல்லை. ஆனால் அங்கீகாரம் பெற்ற சபைதான் வெளியிலிருந்து போதகரைக் கூப்பிடலாம். அங்கீகாரத்துக்கு உங்களிடம் ஆட்கள் போதாது. சேர்த்துப் பட்டியல் அனுப்புங்கள்" என்றா.

ஊரில் எங்கள் ஜெபக்கூட்டத்துக்குக் கல் எறிந்தார்கள். இங்கே ஒருவரும் எறியவில்லை. ஆனாலும் மேய்ப்பன் வர முடியாத சுதந்திரத்தை வைத்து நாங்கள் என்ன செய்வது?

என்னோடு வேலை செய்கிற சூசை அண்ணை மன்னார்க் கத்தோலிக்கர். அவர்தான் வழி சொன்னார். "என்ர வீட்டு ஆக்களின்ர பேரைப் போடு தம்பி. பக்கத்துப் பட்டணம் கோல்டிங்கில இருக்கிற சொந்தக்காரரிட்டயும் கையெழுத்து வாங்கித் தாறன். உயிர்தானே பெரிசு." சொன்னபடியே வாங்கித் தந்தார். பட்டியல் நிறைந்தது.

சண்டை உங்கள் பக்கம் நெருங்குமுன் நாம் கடைசியாகக் கதைத்தபோது அதைச் சொன்னேன்.

"அவையள் எங்கட சபை இல்லையே?"

"பேருக்குத்தான் அண்ணை."

"பொய் சொல்லி என்னைக் கூப்பிடாதை. அங்க வந்து எந்த வாயால பிரசங்கம் பண்ணுறது? உண்மையா ஆக்கள் சேரட்டும். வாறன்" என்றீர்கள்.

அன்றைக்கே அந்தத் தாளைக் கிழித்தேன். என் மனைவி மலர் இரண்டு நாளாக என்னை ஏசினா. "அவர் ஊழியக்காரர், அப்பிடித்தான் சொல்லுவார். நீங்கள் தம்பியெல்லே? அனுப்பியிருக்கலாம்."

அனுப்பியிருந்தால் வந்திருப்பீர்களா? வன்னியை விட்டு உங்களை வெளியே விட்டிருப்பார்களா? விட்டாலும், உங்கள் சனத்தை விட்டுப் புறப்பட்டிருப்பீர்களா? கிழிக்காமல் இருந்திருந்தால் இந்தக் கேள்விகளுக்காவது ஒரு பதில் கிடைத்திருக்கும்.

போன கிழமை கடிதம் வந்தது. பட்டியல் வராததால் விண்ணப்பத்தை மூடுகிறார்களாம். வேண்டுமானால் புதிதாக விண்ணப்பிக்கலாமாம். யாருக்காக, அண்ணை?

இப்போது நாலு குடும்பம்தான் மிச்சம். சிலர் டெனிஷ் தேவாலயத்துக்குப் போகிறார்கள். பிள்ளைகளுக்கு அந்தப் பாஷைதான் விளங்குகிறது, நான் குறை சொல்லவில்லை. ஒருவர், "இவ்வளவு ஜெபிச்சு என்னத்தைக் கண்டனாங்கள்?" என்று கேட்டுவிட்டு வராமல் நின்றுவிட்டார். கடந்த ஞாயிறு என்னைப் பேசச் சொன்னார்கள். வேதத்தைத் திறந்தேன். ஒரு வசனமும் வாயில் வரவில்லை. மூடிவைத்துவிட்டு இருந்தேன்.

மண்டபத்துக்குப் பொறுப்பானவர், ஆட்கள் குறைந்துவிட்டார்களே, அறை இனியும் வேண்டுமா என்று கேட்டார். வேண்டும் என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன். விசுவாசத்தில் எழுதியதாக நினைத்துவிடாதீர்கள். அது என்னிடம் எவ்வளவு மிச்சமிருக்கிறது என்று எனக்கே தெரியாது. ஆனால் ஞாயிறு வந்தால் கதவைத் திறப்பேன். நாலும் மூன்றாகி, பிறகு நானும் மலரும் மட்டும் என்றானாலும் திறப்பேன். ஜெபம் வராவிட்டால் சும்மா இருப்பேன். உங்களுக்குத் தர இந்த ஒரு வாக்குத்தான் என்னிடம் உண்டு.

உங்கள் சொல்லைக் கேட்டு, உங்களை இழந்த தம்பி,
சாமுவேல்