லாரி வரிசையில் சாப்பாடு

மத்தோசின்யோஸ், போர்த்துகல்
30 ஜூன் 2024

அன்புள்ள பாத்துவுக்கு,

வாட்ஸ்அப்பில் 'சாப்டியா, தூங்குனியா'வோடு நிறுத்திக்கொள்ள வேண்டும், மனசில் இருப்பதையெல்லாம் காகிதத்தில்தான் எழுத வேண்டும் என்று விமான நிலையத்தில் நீதானே சத்தியம் வாங்கினாய். இதோ எழுதிவிட்டேன்.

இதுவும் மீன்பிடித் துறைமுகம்தான். அறையை விட்டு வெளியே வந்தால் காசிமேட்டு வாடை. வந்த அன்றைக்கு அந்த வாடையிலேயே எனக்கு அழுகை வந்துவிட்டது. நம்ம கவலை மீனைத் தெருவுக்குத் தெரு அடுப்பு வைத்து முழுசாகச் சுடுகிறார்கள். மிளகாய் இல்லை, புளி இல்லை, வெறும் உப்பு. ஊரே கவலையைச் சுட்டுத் தின்கிறது என்று மனசுக்குள் சிரித்தேன். ஒரு வாய் சாப்பிட்டதும் சிரிப்பு நின்றுவிட்டது. அவ்வளவு ருசி.

வேலையைப் பற்றிக் கேட்காதே. பயிற்சி என்று கேட்டரிங் கல்லூரியில் அனுப்பினார்களே தவிர, அடுப்புப் பக்கம் இன்னும் என்னை விடவில்லை. செதில் எடுப்பது, சிப்பி கழுவுவது, உருளைக்கிழங்குத் தோல் சீவுவது. ஷெஃப் ஒரு அம்மாள். அவர் பேசினால் யாரோ பாத்திரத்தைக் கீழே போட்டதுபோல் இருக்கிறது. நான் கத்தி பிடிப்பது சரியில்லை என்று எல்லோர் முன்னாலும் கையைத் தட்டிவிட்டார்.

இரண்டு பேருக்கும் இடம் கிடைத்து, உன் விசா மட்டும் இல்லை என்று ஆகிவிட்டதே. என் அறையில் உன் கட்டில் காலியாகத்தான் இருக்கிறது. அதில் ஈரத்துணி காயப்போடுகிறேன். நீ இருந்திருந்தால் ஷெஃப்புக்கு இந்நேரம் பட்டப்பெயர் வைத்திருப்பாய்.

ஒரு வருஷம்தானே. வந்ததும் நம் கடை. ராயபுரத்தில், மேஜைக்கு வெள்ளை விரிப்புப் போட்ட கடை. மறந்துவிடாதே.

உன்
கிறிஸ்டினா


ராயபுரம்
24 ஜூலை 2024

கண்ணே கிறிஸ்டி,

உன் கடிதத்தை நானும் என் அம்மியும் பிடுங்கிப் பிடுங்கிப் படித்தோம். மீனில் மிளகாய் போடமாட்டார்கள் என்றதும் அம்மிக்குப் பொறுக்கவில்லை. "அய்ய, அந்தப் பொண்ணு அங்க இன்னாத்த துன்னும்?" என்று அன்றைக்கு முழுக்கப் புலம்பல். மிளகாய்த்தூள் அரைத்து வைத்திருக்கிறார். யாராவது வருகிறார்களா என்று பார்த்துச் சொல்.

திருவொற்றியூரில் ஒரு கேன்டீனில் சேர்ந்தேன், விட்டும்விட்டேன். என்னை டோக்கன் கிழிக்க உட்காரவைத்தார்கள். "பொம்பளப் புள்ள, தேக்சாவத் தூக்குவியா?" என்று மேனேஜர் கேட்டார். அந்தப் பெரிய சோற்றுப் பாத்திரத்தைத் தூக்கிக் காட்டினேன். அப்புறமும் டோக்கன்தான்.

இப்போது வேறு வேலை. எண்ணூர்ச் சாலையில் கன்டெய்னர் லாரிகள் துறைமுகத்துக்குள் போக வரிசை கட்டி நிற்குமே, அந்த டிரைவர்கள் பசித்தாலும் இறங்கிப் போக முடியாதாம். வரிசை நகர்ந்தால் இடம் போய்விடும். எங்கள் தெரு ரஷீது அண்ணன்தான் சொன்னார். அவருடைய லோடு ஆட்டோவில் சோறும் குழம்பும் ஏற்றிக்கொண்டு, வண்டி வண்டியாக நாங்களே போய்க் கொடுக்கிறோம். கூட ஜெயஸ்ரீ வருகிறாள். நமக்கு ஜூனியராக இருந்தாளே, திருவொற்றியூர், அவள்தான்.

முதல் நாள் ஒருவர் லாரியில் உட்கார்ந்தபடி பொட்டலத்தைப் பிரித்தார். ஒரு உருண்டை வாயில் போட்டார். "இன்னாமா இது, வூட்டு சாப்பாடு கணக்கா கீது" என்றார். நான் அடுத்த வண்டிக்கு ஓடிவிட்டேன். நின்றிருந்தால் அழுதிருப்பேன்.

ஷெஃப்புக்குப் பெயர்: தகர டப்பா.

உன்
பாத்து


மத்தோசின்யோஸ்
20 ஆகஸ்ட் 2024

அன்புள்ள பாத்து,

தகர டப்பா என்னைக் கரியடுப்பில் நிறுத்திவிட்டார்! இங்கே அது பெரிய பதவி. மீனின் தோல் கம்பியை விட்டுத் தானாக விலகும், அதற்கு முன்னால் தொடக்கூடாது. நான் அவசரப்பட்டுத் தொட்டதில் மீனும் கிழிந்தது, என் மணிக்கட்டும் வெந்தது. களிம்பு போட்டிருக்கிறேன். அம்மாவிடம் சொல்லிவிடாதே.

ஒன்று சொன்னால் கோபித்துக்கொள்ளமாட்டாயே? அந்த லோடு ஆட்டோ உனக்குத் தேவையா? பொட்டலம் கட்டவா நாம் இவ்வளவு படித்தோம்? வெயிலில், லாரிப் புகையில் நின்றுகொண்டு. இன்னும் சில மாதம் காத்திரு. நான் வந்ததும் முறையாகத் தொடங்கலாம். அதற்குள் சின்னச் சின்ன வேலையில் இறங்கிப் பெயரைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். உன் நல்லதுக்குத்தான் சொல்கிறேன்.

உன்
கிறிஸ்டினா


ராயபுரம்
11 செப்டம்பர் 2024

கிறிஸ்டினாவுக்கு,

கை ஆறிவிட்டதா? தண்ணீர் படாமல் பார்த்துக்கொள்.

காத்திரு என்று எழுதியிருக்கிறாய். நான் காத்திருந்து பார்த்தவள். பெட்டி கட்டி வைத்துக்கொண்டு விசாவுக்குக் காத்திருந்தேன். அந்தப் பெட்டியை நான் பிரித்துத் துணியை மறுபடி அலமாரியில் அடுக்கியபோது நீ விமானத்தில் இருந்தாய். உன்மேல் தப்பு இல்லை. நான் சொல்லவும் இல்லை.

ஆனால் நீ அங்கே உருளைக்கிழங்குத் தோல் சீவினால் அது பயிற்சி, நான் இங்கே நூறு பேருக்குக் குழம்பு வைத்தால் அது பெயர்கேடா? அந்தச் சாலையில் நின்று பார்த்திருந்தால் சின்ன வேலை என்று எழுதியிருக்கமாட்டாய்.

வேலை இருக்கிறது. நிறுத்துகிறேன்.

இப்படிக்கு
ஃபாத்திமா


மத்தோசின்யோஸ்
2 அக்டோபர் 2024

என் பாத்து,

கீழே உன் முழுப்பெயரைப் பார்த்ததும் எனக்குக் கை ஓடவில்லை. நீ அடித்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். நான் எழுதியது தப்பு. வெள்ளை விரிப்பையே நினைத்துக்கொண்டிருந்ததில், உன் எதிரே யார் பசியோடு நிற்கிறார்கள் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

பெட்டியைப் பிரித்த கதையை நீ ஏன் அப்போதே சொல்லவில்லை? உன்னோடு சேர்ந்து அழவாவது செய்திருப்பேனே.

போன வாரம் சமையலறை ஆட்களுக்கான மத்தியானச் சாப்பாட்டை என்னைச் செய்யச் சொன்னார்கள். மீன் குழம்பு வைத்தேன். கொதித்து வரும்போது, பழக்கதோஷம், பக்கத்தில் திரும்பி "புளி போதுமாடி?" என்று கேட்டுவிட்டேன். பாத்திரம் கழுவும் பிரேசில்காரர் நின்றுகொண்டிருந்தார். பாவம், ஏதோ புரிந்ததுபோலத் தலையை ஆட்டினார். ரொட்டியால் சட்டியை வழித்துச் சாப்பிட்டார்கள். ஷெஃப் இரண்டாவது தடவை வந்து ஊற்றிக்கொண்டார்.

பதில் போடு.

உன்
கிறிஸ்டி


மத்தோசின்யோஸ்
10 நவம்பர் 2024

பாத்து,

உன்னிடமிருந்து ஒன்றும் இல்லை. தபாலைக் குறை சொல்லி என்னை ஏமாற்றிக்கொள்கிறேன். வாட்ஸ்அப்பில் கேட்டால் 'நல்லா கீறேன்' என்று மட்டும் போடுகிறாய்.

ஷெஃப் என்னைக் கூப்பிட்டு ஒரு விஷயம் பேசினார். அதை எழுத உட்கார்ந்து இரண்டு காகிதத்தைக் கிழித்தாகிவிட்டது. உன் கோபம் தீர்ந்தது என்று தெரிந்தால்தான் என்னால் எழுத முடியும். குளிர் ஆரம்பித்துவிட்டது.

உன்
கிறிஸ்டி


ராயபுரம்
11 டிசம்பர் 2024

என் கண்ணே கிறிஸ்டி,

கோபம் அக்டோபரிலேயே தீர்ந்துவிட்டது. உனக்கு எழுதத்தான் தைரியம் வரவில்லை. ஏன் என்று கடைசியில் சொல்கிறேன்.

இங்கே பேய் மழை. எண்ணூர்ச் சாலையில் முழங்கால் தண்ணீர். லாரிகள் நின்ற இடத்திலேயே நின்றன, எங்கள் ஆட்டோ இறங்கவே முடியவில்லை. ஜெயஸ்ரீ வீட்டு மாடியில் சமைத்துவிட்டோம், எப்படிக் கொண்டுபோவது? "யக்கா, நட போலாம்" என்று அவள் தேக்சாவின் ஒரு காதைப் பிடித்தாள், நான் இன்னொரு காதைப் பிடித்தேன். தண்ணீரில் நடந்தே போனோம். எங்களைப் பார்த்ததும் டிரைவர்கள் இறங்கி வந்து வாங்கி, வண்டிக்கு வண்டி கை மாற்றிக் கடைசி லாரி வரைக்கும் சேர்த்துவிட்டார்கள். ஒரு அண்ணன், "நீங்க இன்னிக்கு வரமாட்டீங்கனு நெனச்சுகினு இருந்தோம்மா" என்றார்.

மழை விட்ட பிறகு உன் அம்மாவைப் பார்க்கப் போனேன். அடைக்கலமேரி அம்மாவுக்கு நெஞ்சில் எதுவும் தங்காது, உனக்கே தெரியும். "இன்னாடி பாத்து, அவள அங்கியே வேலைக்கி இருக்கச் சொல்றாங்களாம். உன்னாண்ட சொல்லலியா? உன்ன நெனச்சுத்தான் ரோசன பண்ணிகினு கீறா" என்றார்.

என்னை நினைத்து யோசிக்காதே, கிறிஸ்டி.

உண்மையைச் சொல்கிறேன். நீ வரமாட்டாயோ என்று எனக்குப் பயம் இல்லை. வந்துவிடுவாயோ என்றுதான் பயந்தேன். கல்லூரியில் எதையும் நீ முடிவு செய்வாய், நான் சரி என்பேன். ராயபுரம் என்றாய், சரி. வெள்ளை விரிப்பு என்றாய், சரி. எனக்கு அதில் குறையே தோன்றியதில்லை. இந்தச் சாலையில் இறங்கிய பிறகுதான், நானும் முடிவு செய்கிறவள் என்று எனக்கே தெரிந்தது. நீ வந்து நின்றால் மறுபடியும் உன் முகத்தைப் பார்ப்பேன். அது எனக்கு வேண்டாம். உன்மேல் உயிராக இருக்கிறேன், ஆனால் அது வேண்டாம். இதை எழுதத்தான் இத்தனை நாள் ஆயிற்று.

அந்த வேலை உன்னுடையது. மணிக்கட்டு வெந்து வாங்கிய இடம். கையெழுத்துப் போடு. வருஷத்துக்கு ஒரு தடவை ஊருக்கு வா, அம்மி உன்னை உட்காரவைத்து ஊட்டுவார்.

நேற்று ஆட்டோவில் பெயர் எழுத ஆள் வந்தார். "இன்னா பேரும்மா போடறது?" என்று தூரிகையோடு நின்றார். ஜெயஸ்ரீ தன் பெயர் வேண்டவே வேண்டாம் என்று ஓடினாள். நான் விடவில்லை. 'ஃபாத்திமா – ஜெயஸ்ரீ சாப்பாடு' என்று சிவப்பில் எழுதியாகிவிட்டது. நன்றாகவே இருக்கிறது.

உன் பெயருக்கு இடம் விடவில்லை. கோபத்தில் இல்லையடி. இடம் விட்டிருந்தால், நீ எப்போது வருவாய் என்று தினமும் அதையே பார்த்துக்கொண்டு நின்றிருப்பேன்.

குளிருக்குக் காலுறை போட்டுத் தூங்கு.

என்றும் உன்
பாத்து