ஐந்நூறு லிட்டர் அடைப் பிரதமன்

2021 ஜூலை 25, ஞாயிறு

இன்று ஜூம் மீட்டிங்கில் என் யோசனை ஜெயித்துவிட்டது. ஓணத்துக்குப் பாயசம் சேலஞ்ச், அதுவும் அரிசி அடையும் வெல்லமும் போட்ட அடைப் பிரதமன்.

திருவனந்தபுரம் முழுக்க இப்போது பிரியாணி சேலஞ்ச்தான். ஜனங்கள் முன்கூட்டியே பணம் கட்டி புக் செய்கிறார்கள், கிளப்காரர்கள் சமைத்து வாசலில் கொண்டுபோய் வைக்கிறார்கள், மிச்சம் நல்ல காரியத்துக்கு. ஸ்ரீவராகம் அக்ரஹாரத்தில் இருந்துகொண்டு எங்கள் ஸ்நேகதீபம் சேவா கிளப் பிரியாணி கிண்ட முடியுமா? பாயசம் என்றால் கதையே வேறு. அதில் எங்களை அடிக்க ஆளில்லை.

தலைவர் நாகேஸ்வரன் சார், மின்சார வாரியத்தில் ஓய்வு பெற்றவர், வீட்டுக்குள்ளும் மேடையில் நிற்கிறமாதிரியே பேசுவார். "செக்ரட்டரி சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றார். அப்படிச் சொன்னால் வேலை முழுக்க என் தலையில் என்று அர்த்தம். இருக்கட்டும். ஒன்றரை வருஷமாக இன்ஷூரன்ஸ் ஆபீஸ் வேலையை வீட்டிலிருந்தே பார்த்துப் பார்த்து எனக்கும் பைத்தியம் பிடிக்கிற நிலைமை.

ஐந்நூறு லிட்டர் விற்றால் பத்துப் பிள்ளைகளுக்குப் போன். பழவங்காடிக்குப் பின்னால் லைன் வீடுகளில் இருக்கிற ஹோட்டல் தொழிலாளிகள், கட்டட வேலைக்காரர்கள் வீட்டுப் பிள்ளைகள். ஜூனிலேயே ஆன்லைன் வகுப்பு தொடங்கியாயிற்று. ஓணம் லீவு முடிந்ததும் பரீட்சையாம். போன் இல்லாத பிள்ளை என்ன செய்யும்?

பிரதமன் யார் செய்வது என்று ஒருவரும் கேட்கவில்லை. எதிர்வீட்டு லலிதாம்பாள் மாமி இருக்கும்போது அது என்ன கேள்வி.

ஜூலை 28, புதன்

எங்கள் தெருவில் ஐந்து வீட்டில் பாத்திரம் தேய்க்கும் பேச்சியின் மகள் ஷிஜா பத்தாம் வகுப்பு. பட்டியலில் முதல் பேரே அவளுடையதாகத்தான் எழுதியிருந்தேன். இன்று பேச்சி குழாயை மூடிவிட்டு வந்து நின்றாள்.

"மேடம், அவ பேர எடுத்துருங்க. அவ அப்பா வேண்டாம்னுட்டாவ."

ஏன் என்றால் சொல்ல மாட்டேன் என்கிறாள். விடாமல் கேட்டதும், "போன வருசம் மளிகைக் கிட்டு குடுத்தீங்கல்லா. போட்டோ பேப்பர்ல வந்துச்சு. கிளாஸ் பிள்ளேல் அதை குரூப்புல போட்டு..." என்று நிறுத்திவிட்டாள்.

எங்கள் கிளப்பில் பானரும் போட்டோவும் இல்லாமல் ஒரு கிலோ அரிசிகூடக் கைமாறாது. அந்தப் போட்டோ எனக்கு ஞாபகம் இருக்கிறது. பேச்சியின் புருஷன் லிங்கம் பையை வாங்கிக்கொண்டு வேறு எங்கோ பார்த்தார். "கொஞ்சம் இங்க பாருங்கோ" என்று சொன்னது யார்? நான்தான்.

முதலில் கோபம் லிங்கத்தின் மேல்தான் வந்தது. பெண்ணின் படிப்பைவிட ரோஷம் பெரிசா என்று. ஒரு மணி நேரம் கழித்து அந்தக் கோபம் திரும்பி என்மேலேயே வந்து உட்கார்ந்துகொண்டது. பேரை அடிக்கவில்லை. ஷிஜாவுக்குப் போன் கிடைத்தே ஆக வேண்டும், எப்படியாவது.

ஆகஸ்ட் 1, ஞாயிறு

என் பெண் ஸ்நேகா மலையாளத்தில் போஸ்டர் செய்துவிட்டாள். 'ஸ்ரீவராகம் மாமிகளின் கைமணம்.' கீழே ஒரு உருளி, ஆவி பறக்கிறது. "அம்மா, இது வைரலாகும், கேட்டோ" என்றாள். நான் நம்பவில்லை. காலையில் அனுப்பினோம். இப்போது மாலை ஆறு மணி, நூற்று எண்பது லிட்டர்.

ஆகஸ்ட் 5, வியாழன்

முந்நூற்று நாற்பது. எனக்குத் தலைகால் புரியவில்லை.

ஆகஸ்ட் 7, சனி

இன்று வெள்ளோட்டம். அக்ரஹாரத்துச் சமூக மண்டபத்தில் முப்பது லிட்டர். நிறைய புக் செய்த வீடுகளுக்கு முன்கூட்டியே ஆளுக்கு ஒரு லிட்டர் அனுப்பி அசத்துவது என்று திட்டம்.

ஆறு பேர். எல்லாருக்கும் இரட்டை மாஸ்க், கையுறை, தலைக்குத் தொப்பி. ஆபரேஷன் தியேட்டர் கெட்டது போங்கள். மாமியின் சட்டம் தெரிந்ததுதான்: நைவேத்யம் ஆகும்வரை ஒருவரும் நாக்கில் வைக்கக்கூடாது. மாமி எதையுமே ருசி பார்த்துச் சமைத்ததில்லை. மூக்குதான் கணக்கு. உருளிமேல் குனிந்து மாஸ்க்கை ஒரு விரலால் விலக்கி, "ஆயிடுத்து, இறக்கு" என்றார். நைவேத்யம் முடிந்த கையோடு சுடச்சுடப் பாட்டிலில் ஊற்றி மூடிவிட்டோம். எங்களுக்கென்று ஒரு கரண்டிகூட எடுத்துவைக்கவில்லை. அவ்வளவு அவசரம், அவ்வளவு சந்தோஷம்.

ஆகஸ்ட் 8, ஞாயிறு

முதல் போன் காலை எட்டரைக்கு. பேட்டையிலிருந்து ஒரு டாக்டரம்மா. "மேடம், ஒண்ணும் விசாரிக்கருது, தப்பா நினைக்கக்கூடாது. பாயசம் அடியில பிடிச்சோ?"

பத்து மணிக்குள் ஒன்பது வீடு. எல்லாரும் ரொம்ப மரியாதையாகத்தான் சொன்னார்கள். அதுதான் தாங்கவில்லை.

ஒரு பாட்டிலைத் திருப்பி வாங்கித் திறந்தேன். கருகல் வாசனை மூக்கைத் துளைக்கிறது. எதிர்வீட்டுக்கு ஓடினேன். மாமி வாசற்படியிலேயே மறித்தார். "நாப்பது வருஷமா கிண்டறேன். அடிபிடிச்சா என் மூக்கு சொல்லாதாடீ?" பாட்டிலை வாங்கி முகர்ந்தார். "நன்னாத்தானே இருக்கு."

மாமி என் முகத்தைப் பார்த்தார். உள்ளே போனார். பெருங்காய டப்பாவைத் திறக்கிற சத்தம் கேட்டது. அப்புறம் காபிப்பொடி டப்பா.

"பத்மா," என்று உள்ளிருந்தே குரல் வந்தது. "கிட்ட வராதே. ஆத்துக்குப் போ."

ஆகஸ்ட் 9, திங்கள்

மாமிக்குப் பாசிட்டிவ். அடுப்படியில் நின்ற எங்கள் எல்லாருக்கும் பதினாலு நாள் குவாரன்டைன் என்று சுகாதாரத் துறை ஆஷா சேச்சி போனில் சொல்லிவிட்டாள். எண்ணிப் பார்த்தேன். சரியாகத் திருவோணத்தன்று முடிகிறது. மண்டபத்தைப் பூட்டியாயிற்று. நான் மாடி அறையில், சாப்பாடு கதவுக்கு வெளியே ஸ்டூலில்.

புக்கிங் நானூற்றுப் பத்து. நாகேஸ்வரன் சார், "கௌரவமா திருப்பிக் குடுத்துடலாம், பத்மப்ரியா" என்றார். திருப்பிக் கொடுத்தால் பத்துப் பிள்ளைகளிடம் யார் போய்ச் சொல்வது, நீங்களா என்று கேட்டேன். சத்தமாகத்தான் கேட்டேன்.

ஆகஸ்ட் 10, செவ்வாய்

மாமிக்கு லேசான ஜுரம். ஆக்ஸிஜன் தொண்ணூற்றாறு. பகவானே, போதும். எனக்கு நெகட்டிவ்.

ஆகஸ்ட் 11, புதன்

லிங்கம்! காலையில் பல் தேய்க்கும்போது தோன்றியது. பழவங்காடியில் இப்போது மூடிக்கிடக்கிற சைவ ஹோட்டலில் பதினாலு வருஷம் அவர்தான் சமையல். ஒவ்வொரு ஓணத்துக்கும் வாசலில் பிரதமன் கவுண்டர் போடுவார்களே, அதைக் கிண்டியது வேறு யார்?

பேச்சியிடம் நம்பர் வாங்கிப் பேசினேன். மூச்சுவிடாமல் பேசினேன், குழந்தைகள் படிப்பு, புண்ணியம், சேவை என்று. அவர் முழுக்கக் கேட்டார்.

"செய்யலாம் மேடம். கூலி எவ்வளவு?"

எனக்குச் சுருக்கென்றது. இது சேவையாச்சே என்றேன்.

"சேவை செய்யுத உங்களுக்கு மாசம் பொறந்தா சம்பளம் வருது. நான் நாலு மாசமா கெடைச்ச வேலைக்குப் போறேன். லிட்டருக்கு இருவது ரூவா. கூட வாற ரெண்டு பேருக்குக் கூலி தனி."

அரை நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தேன், மாடியில் பார்க்க யாரும் இல்லாவிட்டாலும். பிறகு யோசித்தேன். பந்தல்காரனுக்குக் கொடுக்கிறோம், பானர்காரனுக்குக் கொடுக்கிறோம். சமைக்கிறவருக்கு மட்டும் புண்ணியமா? சாயங்காலம் சரி என்று சொல்லிவிட்டேன். ஹோட்டல் முதலாளி அடுக்களையைச் சும்மா தருகிறார்.

ஆகஸ்ட் 12, வியாழன், ஓணம் தொடங்கும் அத்தம்

நாகேஸ்வரன் சாரோடு சண்டை. "போஸ்டர மாத்த வேண்டாம். யார் கிண்டினான்னு யாருக்குத் தெரியப்போறது? மாமிகள்னு பாத்துத்தானே பாதிப்பேர் புக் பண்ணியிருக்கா?"

அதனால்தான் மாற்ற வேண்டும் என்றேன். மாமி கை என்று பணம் வாங்கிவிட்டு வேறொருவர் கையால் கொடுத்தால் அதற்கு என்ன பெயர்? ஐந்நூறு நடக்காமல் போகலாம் என்றார். போகலாம்தான்.

லிங்கத்திடம் பேர் போடலாமா என்று கேட்டேன். இந்தத் தடவை கேட்டுவிட்டுத்தான்.

"போடலாம். கிட்டு வாங்குன லிங்கம்னு போடாம, பாயசம் வைக்குத லிங்கம்னு போடுங்க."

ஆகஸ்ட் 13, வெள்ளி

புதுப் போஸ்டர் போய்ச் சேர்ந்ததும் நாற்பத்தேழு கேன்சல். ஒரு மாமா, "நாங்க வெளியில சாப்பிடற வழக்கமில்லை" என்று எழுதியிருக்கிறார். பிரியாணி சேலஞ்சில் மூன்று பொட்டலம் வாங்கியவர் இவர், எனக்குத் தெரியும்.

முந்நூற்று அறுபத்து மூன்று. பத்துப் போன் ஏழாகிவிடுமோ? எந்த மூன்று பேரை அடிப்பது?

ஆகஸ்ட் 15, ஞாயிறு

நடப்பது என்ன என்றே புரியவில்லை. பழைய ஹோட்டல் வாடிக்கைக்காரர்கள் கிளம்பிவிட்டார்கள். "பழவங்காடி ஹோட்டல்லே லிங்கம் அண்ணனோ? பத்து லிட்டர் போடு." ஒரு பாங்க் கிளை மொத்தமாக நாற்பது. ஸ்நேகா கீழே இருந்து எண்ணிக்கையைக் கத்திக்கொண்டே இருக்கிறாள், நான் மேலே ஒற்றை ஆளாகக் கை தட்டுகிறேன். ஐந்நூற்றுப் பன்னிரண்டு!

ஆகஸ்ட் 16, திங்கள்

ஹோட்டல் அடுக்களையில் மறு வெள்ளோட்டம். வீடியோ காலில் ஒரு பக்கம் நான், ஒரு பக்கம் மாமி, நடுவில் லிங்கம், போனை மசாலா டப்பாவில் சாய்த்துவைத்துவிட்டு.

பாதியில் கரண்டியை உள்ளங்கையில் தட்டி நக்கப்போனார். மாமி, "ஐயோ, நைவேத்யம் ஆகலை" என்று பதறினார்.

"அம்மா, ருசி பாக்காம நான் எறக்க மாட்டேன். அதுக்கு வேற ஆளப் பாருங்க."

மாமி ஒரு நிமிஷம் கண்ணை மூடிக்கொண்டார். "சரி. முதல் கரண்டியைப் பிள்ளையாருக்கு எடுத்து வெச்சுடுங்கோ. ரெண்டாவது உங்களுக்கு." இனி எல்லா உருளிக்கும் அதுதான் சட்டம்.

அவர் ருசி பார்த்ததும் மாமி மெதுவாகக் கேட்டார், "வாசனை எப்படி இருக்கு? எனக்கு ஒண்ணும் தெரியறதில்லை. சொல்லுங்கோளேன்."

லிங்கம் உருளிமேல் குனிந்தார். நிதானமாகச் சொன்னார். "மொதல்ல ஏலக்கா வருதும்மா. அப்புறம் வெல்லம். சுக்கு பொறத்தால நிக்கி. நெய்யில தேங்கா செவந்த வாசம் கடைசில."

மாமி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "சுக்கு இன்னும் ஒரு சிட்டிகை" என்றார். அவர் போட்டார்.

ஆகஸ்ட் 20, வெள்ளி, உத்திராடம்

ஐந்நூற்று அறுபது லிட்டர்! காலை பத்து மணி முதல் பதினாறு ஸ்கூட்டர், நான்கு ஆட்டோ. நான் மாடியில் வரைபடத்தை விரித்துவைத்துப் போர்த் தளபதிமாதிரி போனில் கட்டளையிட்டுக்கொண்டிருந்தேன். கரமனையில் ஒரு ஸ்கூட்டர் பஞ்சர், சாலை பஜாரில் கொரோனா என்று ஒரு தெருவையே அடைத்துவிட்டார்கள், பேட்டை டாக்டரம்மாவுக்கு முதல் பாட்டில். நாலரைக்கு எல்லாம் முடிந்தது. தொண்டை கட்டிவிட்டது. ஒரு புகார்கூட இல்லை. ஒன்றுகூட.

ஆகஸ்ட் 21, சனி, திருவோணம்

வெளியே வந்தேன். தெரு எவ்வளவு அகலம். மாமியும் தேறிவிட்டார், இன்னும் வாசனை மட்டும் வரவில்லை. லிங்கத்துக்குக் கூலியை நாகேஸ்வரன் சாரே நேரில் போய்க் கொடுத்தார்.

ஆகஸ்ட் 24, செவ்வாய்

பத்துப் போனும் கொடுத்தாயிற்று. ஒவ்வொரு வீடாகப் போய், பானர் இல்லாமல். நாகேஸ்வரன் சார் காமிராவைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு கடைசிவரை கையைப் பிசைந்துகொண்டிருந்தார், பாவம்.

ஷிஜாவின் பேரை அவள் அப்பா சொன்னபடியே எடுத்துவிட்டு அந்த இடத்தில் வேறொரு பிள்ளையைச் சேர்த்துவிட்டேன். ஆனால் என் பணத்தில் பதினோராவதாக ஒன்று வாங்கி அலமாரியில் வைத்திருக்கிறேன். பேச்சியிடம் என்ன சொல்லி அதைக் கொடுப்பது என்றுதான் இரண்டு நாளாக ஒத்திகை பார்க்கிறேன். பரீட்சைக்கு ஆறு நாள்தான்.

ஆகஸ்ட் 26, வியாழன்

மாலையில் தெரியாத நம்பரிலிருந்து அழைப்பு.

"ஆன்ட்டி, நான் ஷிஜாவாக்கும். இது என் நம்பர். அப்பா நேத்து வாங்கித் தந்தாங்க. கிளாஸ் குரூப்புலயும் சேந்தாச்சு."

எனக்கு வாய் சும்மா இருக்குமா? உனக்கென்று ஒரு போன் இங்கே வாங்கி வைத்திருக்கிறேனே என்று உளறிவிட்டேன். சொன்ன உடனே நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

"ஆன்ட்டி, எங்க லைன்ல கடைசி வீட்டுல சுஜின்னு ஒருத்தன் உண்டு. ஏழாங்கிளாஸ். அவன் பேரு உங்க லிஸ்ட்ல எப்படியோ விட்டுப்போச்சு. அவனுக்குக் குடுக்கலாம். நீங்க யாரும் வராண்டாம், எங்க அம்மா கையில குடுத்து விடுங்க, நான் குடுத்துக்கிடுதேன். சார்ஜர் உண்டுல்லா?"

"உண்டு."

"ஸ்கிரீன் கார்டு ஒட்டியாச்சா?"

"இல்லை."

"ஒட்டித் தாங்க. சின்னப் பையன், கீழ போட்டுருவான்."

"சரி மேடம்" என்றேன்.

வாய் தவறித்தான் வந்தது. பதினைந்து வயசுப் பெண்ணிடம். அவள் சிரிக்கவும் இல்லை, திருத்தவும் இல்லை. "தேங்க்ஸ் ஆன்ட்டி" என்று வைத்துவிட்டாள்.

ஸ்கிரீன் கார்டு வாங்கக் கிளம்புகிறேன். கடையை ஏழு மணிக்கு அடைத்துவிடுவார்கள்.