இலந்தை வேலியில் கீச்சான்

குடிபாலா,
ஞாயிற்றுக்கிழமை.

சௌபாக்கியவதி பிரியங்காவுக்கு அண்ணி கன்னிகா ஆசீர்வாதத்துடன் எழுதுவது. இங்கே உன் புருஷன், மாடு, கன்று எல்லாம் சுகம். நான்தான் சுகமாக இல்லை. நீயும் வயிற்றில் இருப்பதும் எப்படி என்று கேட்கப் பலதடவை போன் செய்தேன். உன் அம்மா என் நம்பரை பிளாக் செய்துவிட்டார் போலிருக்கிறது. அவர்மேல் தப்பில்லை, போன வருஷம் உனக்குக் கலைந்ததைக் கண்ணால் பார்த்தவர். அதனால் இதை உன் புருஷனான என் தம்பி முரளியிடமே கொடுத்தனுப்புகிறேன். கிழித்துப் போடுவதானாலும் படித்துவிட்டுக் கிழி.

நீ பயந்து திருப்பதியில் உன் அம்மா வீட்டுக்கு ஓடக் காரணமான அந்த இலந்தை வேலியைத் தினமும் பார்க்கிறேன். வெட்டுக்கிளி, பல்லி, கண் திறக்காத எலிக்குஞ்சு என்று முள்ளுக்கு ஒன்றாகக் குத்தி நின்றால் யாருக்கும் உடம்பு நடுங்கத்தான் செய்யும். பக்கத்து வீட்டு ரத்தினம்மா செய்வினை என்றாள். புருஷனும் பிள்ளையும் இல்லாதவள் வயிற்றெரிச்சலில் வைத்தது என்று என்னையும் காட்டினாள். ஊர் வாய்க்கு அவல் கிடைத்துவிட்டது.

வைத்தது ஒரு குருவி, பிரியங்கா. கீச்சான். கொண்டைக்குருவி அளவுதான், வால் மட்டும் நீளம். சாம்பல் தலை, செம்பழுப்பு முதுகு, கண்ணை மறைத்துத் துணி கட்டினாற்போல் ஒரு கருப்புப் பட்டை. மோட்டார் கொட்டகைக் கம்பியில் அசையாமல் உட்கார்ந்து கடலைக் கொல்லையையே பார்த்துக்கொண்டிருக்கும். சட்டென்று இறங்கிக் கொக்கிபோல் வளைந்த மூக்கால் பிடித்துவிடும். பருந்துக்கு உள்ள கால்வலு இதற்கு இல்லை. அதனால் பிடித்ததை முள்ளில் குத்தி நிறுத்திக் கிழித்துத் தின்கிறது. மிச்சத்தை அங்கேயே விட்டு வைக்கிறது. பொழுது சாயும்போது வேலிக்குள் பாம்பு வாயில் மாட்டிய தவளை கத்துகிறது என்று என் கையை இறுக்கிப் பிடித்தாயே, அதுவும் இதன் குரல்தான். எந்தப் பிராணி கத்தினாலும் அப்படியே கத்திக் காட்டும்.

ஊர்ப் பெரியவர் ரங்கையா மாமாவிடம் இதைச் சொன்னேன். "குருவி எங்கனா ஓணானைப் புடிச்சி மாட்டுமா? கசாப்புக் கடையா வச்சிக்கினு கீது?" என்று சிரித்தார். போனில் படம் எடுக்கப் பார்த்தேன், கிட்டே போனால் பறந்துவிடுகிறது. சோறு போட்டால் முரளி தட்டைப் பார்த்தே சாப்பிடுகிறான்.

கடைசியில், வரும் வெள்ளிக்கிழமை காணிப்பாக்கத்தில் நான் குளத்தில் முழுகி, ஈரப் புடவையோடு பிள்ளையார் முன்னால் சத்தியம் செய்ய வேண்டும் என்று ஊர்ப் பெரியவர்கள் முடிவு செய்திருக்கிறார்கள். "என் கையால் அந்த முள்ளில் எதையும் குத்தவில்லை." இவ்வளவுதான் சொல்ல வேண்டும்.

அதைத்தான் என்னால் சொல்ல முடியாது.

வேலிக்குள் கூடு இருக்கிறது. பெட்டை அடைகாத்துக்கொண்டிருந்தது, ஆண்தான் இரை கொண்டுவந்து ஊட்டும். ஒருநாள் காற்றில் முள்ளிலிருந்து ஓர் ஓணான்குட்டி கீழே விழுந்துவிட்டது. கட்டெறும்பு மொய்க்க வந்தது. பெட்டை கூட்டை விட்டு எழுந்திருக்காமல் பார்த்துக்கொண்டே இருந்தது. எனக்கு உன் ஞாபகம் வந்தது. எடுத்து மறுபடி முள்ளில் குத்தினேன். திரும்பினால் ரத்தினம்மா நிற்கிறாள். நான் வேலியோரம் நின்றதைத்தான் பார்த்தாள், கையைப் பார்க்கவில்லை. இதை உன்னைத் தவிர யாரிடமும் சொல்லவில்லை.

சும்மா சொல்லிவிட்டுப் போகலாமே என்பாய். பொய்ச் சத்தியம் வம்சத்தைப் பிடிக்கும் என்பார்கள். எனக்கு ஏது வம்சம்? இந்த வீட்டுக்கு வம்சம் என்றால் உன் வயிற்றில் இருப்பதுதான். சொல்லாவிட்டால் செய்வினை வைத்தது நான்தான் என்று ஊர் முடிவு கட்டிவிடும், நீயும் இந்த வாசல் மிதிக்க மாட்டாய். எந்தப் பக்கம் போனாலும் பயமாக இருக்கிறது.

வெள்ளிக்கிழமை குளத்தில் முழுகுவேன். சாமி முன்னால் வாய் திறக்க மாட்டேன். அதன்பிறகு முரளியைச் சங்கடப்படுத்தாமல் வேறு எங்காவது கூலிக்குப் போய்விடுவேன். அதற்குள் "அண்ணி சொல்வதை நம்புகிறேன்" என்று முரளியிடம் ஒரு வார்த்தை சொல்லியனுப்ப உனக்கு மனம் வந்தால் சொல்லு. வராவிட்டாலும் நீ என்னை நினைத்துப் பயப்படாதே. பயம் வயிற்றுப் பிள்ளைக்கு ஆகாது. நான் இல்லாத வீட்டுக்காவது நிம்மதியாக வா.

வேலியை வெட்டப்போவதாக முரளி அரிவாள் தீட்டி வைத்திருக்கிறான். அவனை மட்டும் நிறுத்து, அம்மா. முட்டை பொரிந்து நாலைந்து நாள்தான் ஆகிறது, குஞ்சுகளுக்கு இன்னும் இறகு முளைக்கவில்லை.

தாயும் பிள்ளையும் வேறுவேறாகி, பெற்றுப் பிழைத்து வா.

இப்படிக்கு,
உன் அண்ணி
கன்னிகா